ஆக்கிய கை எங்கே? தமிழில் மாட்டுக்கறி எழுத்து

தமிழில் வெறுமனே ‘கறி’ என்றால் அது ஆட்டுக்கறி. “இந்த வாரம் கறி எடுத்தீகளா?” என்று எங்கள் ஓடைப்பட்டியில் யார் யாரைக் கேட்டாலும், கேட்பவர் மனசில் இருப்பது ஆடுதான். கோழி என்றால் கோழி என்று சொல்ல வேண்டும். மீன் என்றால் மீன். மாட்டுக்கு மட்டும் பெயரைச் சொல்லாமல் தப்பிக்க ஏகப்பட்ட வழிகள் இருக்கின்றன: பெரிய கறி, பெருசு, பெரியாட்டுக்கறி, இப்போது பீஃப். ‘பெரியாட்டுக்கறி’ என்ற சொல்லைக் கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். உலகத்தில் இல்லாத ஒரு மிருகத்தை, பக்கத்து வீட்டுக்காரரின் முகச்சுளிப்பிலிருந்து தப்பிப்பதற்காகவே ஒரு மொழி உண்டாக்கி வைத்திருக்கிறது. ‘சைவம்’ என்பதற்கு எதிராக ‘அசைவம்’ என்று பெரும்பாலானவர்களின் சாப்பாட்டையே எதிர்மறையில் பெயரிட்ட மொழி இது. அந்த எதிர்மறைக்குள்ளும் இன்னொரு படி கீழே மாட்டுக்கறி இருக்கிறது.

ஒரு பொருளுக்கு ஊரில் மறைபெயர்தான் வழங்குகிறது என்றால், இலக்கியம் அந்தப் பொருளை எப்படி எழுதியிருக்கிறது என்று பார்ப்பது விமர்சனத்தின் வேலை. நான் வாசித்தவரையில் நவீனத் தமிழில் மாட்டுக்கறி இரண்டு வேடங்களில்தான் அதிகம் வருகிறது. ஒன்று காயம்: இதைத் தின்றதால் ஒதுக்கினார்கள். இரண்டு கொடி: ஆமாம், இதைத்தான் தின்போம், என்ன செய்வாய்? இரண்டும் உண்மை, இரண்டும் தேவை. ஆனால் இரண்டிலும் கறி ஏற்கனவே வெந்து தட்டில் இருக்கிறது. யார் கழுவினார்கள், யார் வேகவைத்தார்கள், எதோடு சேர்த்தார்கள், மிச்சத்தை மறுநாள் என்ன செய்தார்கள் என்ற கேள்விகளுக்கு அங்கே இடமில்லை. எங்கள் பக்கம் சமைப்பதை ‘ஆக்குவது’ என்போம். சோறாக்கியாச்சா, கறியாக்கியாச்சா. தமிழில் மாட்டுக்கறியைத் தின்றது பற்றிய எழுத்து இருக்கிறது. ஆக்கியது பற்றிய எழுத்து மிகக் குறைவு. இந்தக் கட்டுரை அந்தக் குறைவைப் பற்றியது.

*

தலித் எழுத்தின் முக்கியமான சாப்பாட்டுக் காட்சிகளை நினைவுக்குக் கொண்டு வருவோம். 1992இல் வந்த பாமாவின் ‘கருக்கு’ நூலை வாசித்த யாரும் அந்த வடைப் பொட்டலத்தை மறந்திருக்க மாட்டார்கள். தெருவில் ஒரு பெரியவர் பலகாரப் பொட்டலத்தைச் சரட்டில் தொங்கவிட்டுத் தூக்கிக்கொண்டு போகிறார். சின்னப் பெண்ணுக்கு அது வேடிக்கையாக இருக்கிறது. தீட்டுப்படாமல் மேல்சாதிக்காரருக்குக் கொண்டுபோய்க் கொடுக்கத்தான் அப்படி என்று அண்ணன் சொன்னபிறகு அவளால் சிரிக்க முடியவில்லை. 1994இல் வந்த இமையத்தின் ‘கோவேறு கழுதைகள்’ நாவலில் ஆரோக்கியம் வீடு வீடாகப் போய்ச் சோறு வாங்குகிறாள். அந்தச் சட்டிக்குள் விழும் சோற்றின் அளவும் குணமும்தான் ஊருக்கும் அவளுக்குமான உறவின் கணக்கு.

இரண்டும் தமிழின் மகத்தான காட்சிகள். இரண்டிலும் ஒரு ஒற்றுமை இருக்கிறது: சாப்பாடு ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்குப் போகும் இடத்தில்தான் கதை நடக்கிறது. கொடுப்பதில், வாங்குவதில், தொடாமல் நீட்டுவதில்தான் சாதி இருக்கிறது, அதனால் எழுத்தாளரின் கண்ணும் அங்கேயே நிற்கிறது. நியாயம்தான். ஆனால் அதே சனங்கள் வாரத்தில் ஒருநாள் யாரிடமும் கையேந்தாமல், தங்கள் காசில் வாங்கி, தங்கள் அடுப்பில், தங்களுக்குப் பிடித்த ருசியில் ஆக்கித் தின்றார்கள். அந்த நாள் நம் நாவல்களில் ஒரு வரிக்கு மேல் நீள்வது அபூர்வம். பூமணியின் ‘பிறகு’ (1979) நாவலில் தோல் வேலை செய்யும் அழகிரியின் கைவேலையை நாம் அறிந்துகொள்கிறோம். தோலைப் பற்றி ஒரு தொழில்காரரின் அறிவோடு எழுத முடிந்த மொழியில், கறியைப் பற்றி அதே அறிவோடு எழுத ஏன் இவ்வளவு தயக்கம்?

இந்தத் தயக்கம் மொழிக்குப் பிறவியிலேயே வந்ததில்லை. அகநானூற்றின் 309ஆம் பாட்டில் ஆநிரை கவர்ந்துபோகும் மறவர்கள் தெய்வம் உறையும் வேப்பமரத்தடியில் கொழுத்த பசுவை அறுத்துப் படைத்து, ‘புழுக்கு’ ஆக்கித் தின்கிறார்கள். புழுக்கு என்றால் வேகவைத்தது. நம் புழுங்கல் அரிசியில் இருக்கிற அதே சொல். அந்தப் பழைய கவிஞருக்குத் தின்றார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு நகரத் தோன்றவில்லை. எந்தப் பக்குவத்தில் என்பதற்கும் ஒரு சொல் வைத்திருக்கிறார். இதை ‘பாருங்கள், சங்கத் தமிழனே மாடு தின்றான்’ என்ற பட்டிமன்ற வாதத்துக்காகச் சொல்லவில்லை. பக்குவத்தைச் சொல்லும் ஒரு சொல் வந்தவுடன் தின்றவர்கள் வெறும் அடையாளமாக இல்லாமல் மனிதர்களாகிவிடுகிறார்கள், அதற்காகச் சொல்கிறேன்.

*

மாட்டுக்கறியை வீட்டில் ஆக்குவது எப்படிப்பட்ட வேலை என்று தெரிந்தால்தான் எழுத்தில் என்ன விடுபட்டிருக்கிறது என்பது புரியும்.

முதலில் ஒரு சட்டச் செய்தி. 1958இன் தமிழ்நாடு விலங்குகள் பாதுகாப்புச் சட்டப்படி, 10 வயதைத் தாண்டி, உழைக்கவும் இனவிருத்திக்கும் உதவாத மாடு, அல்லது காயத்தாலோ நோயாலோ நிரந்தரமாக முடங்கிய மாடு என்று சான்று பெற்றால்தான் அறுக்கலாம். 1976இன் அரசாணை பசுவை அறுப்பதைத் தடுத்தது. அப்படியானால் சட்டம் அனுமதிக்கும் கறி பெரும்பாலும் உழைத்து ஓய்ந்த மாட்டின் கறி. ஏரிலும் வண்டியிலும் பத்து வருஷம் இழுத்த தசையில் இணைப்புத் திசு அதிகம், அதிலிருக்கும் கொலாஜன் சுலபத்தில் இளகாது. ஈரமான சூட்டில், நிதானமாக, நெடுநேரம் வெந்தால்தான் அது கூழ்மமாக மாறிக் கறியைப் பூப்போல ஆக்கும். ஆட்டுக்கறிக்குச் சொன்ன பக்குவத்தை அப்படியே இதற்குப் போட்டால் ரப்பரைத்தான் மெல்ல வேண்டும். அதாவது சென்னையில் இயற்றிய ஒரு சட்டம், தேனி மாவட்டத்து அடுப்பில் எத்தனை விசில் விட வேண்டும் என்பதையும் சேர்த்தே முடிவு செய்திருக்கிறது. அந்தச் சட்டத்துக்கான பதிலை எங்கள் அம்மாக்கள் அடுப்பில் கண்டுபிடித்தார்கள்.

எங்கள் வீட்டில் அம்மா சொல்லும் முதல் விதி: “தண்ணி ஊத்தாத. அதுவே விடும்.” கழுவிய கறியில் மஞ்சளும் உப்பும் இஞ்சிபூண்டும் பிசறி, குக்கரின் அடியில் ஒட்டாத அளவுக்கு மட்டும் கையால் தண்ணீர் தெளித்து, சிறுதீயில் வைக்க வேண்டும். முற்றின கறி என்று தெரிந்தால் பப்பாளிக்காய்த் துண்டு ஒன்று உள்ளே போகும். பப்பாளிப் பாலில் இருக்கும் நொதி தசையை இளக்கும் என்பதை அம்மா பள்ளிக்கூடத்தில் படித்து வரவில்லை. வெந்ததும் அந்தச் சாறுதான் மூலதனம். அதிலிருந்து பாதை பிரிகிறது.

குழம்பு என்றால் வறுத்து அரைத்த மல்லி, மிளகாய், சோம்பு, கொஞ்சம் தேங்காய். சுக்கா என்றால் சாறு முழுக்கச் சுண்டும்வரை சின்ன வெங்காயத்தோடும் மிளகோடும் பிரட்டிக்கொண்டே இருப்பது. தை மாசத்தில் பச்சை மொச்சை வந்தால் கறியில் பாதி, மொச்சையில் பாதி. காசு குறைந்த வாரத்தில் கத்தரிக்காயோ வாழைக்காயோ போட்டு அரைக் கிலோவை ஆறு பேருக்கு ஆக்குவது. எலும்பு மட்டும் கிடைத்தால் மிளகு தட்டிப்போட்டு ரசம்போல ஒரு சாறு, சளி பிடித்த பிள்ளைக்கு. குடல் என்றால் சுண்ணாம்பும் வெந்நீரும் போட்டுத் தேய்த்துக் கழுவவே ஒரு முழு முற்பகல். மிஞ்சினால் உப்பும் மஞ்சளும் தடவி, நூலில் கோத்து, வெயிலில் காயப்போட்டு உப்புக்கண்டம். அதைச் சுட்டோ பொரித்தோ ஒரு துண்டு வைத்துக்கொண்டு ஒரு சட்டி கஞ்சியைக் குடித்துவிடலாம்.

ஊரின் புவியியலும் இந்தச் சட்டிக்குள் இருக்கிறது. கம்பம் பள்ளத்தாக்கிலிருந்து தினமும் விடியலில் ஜீப்புகளில் ஏறி இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்கு வேலைக்குப் போகிறவர்கள் ஆயிரக்கணக்கில். போகிறவர்கள் மேலே இருந்து ருசியையும் கொண்டுவருகிறார்கள். தேங்காய்க் கொத்தும் கறிவேப்பிலையும் தேங்காய் எண்ணெயில் கருகக் கருக வரும் மலையாளத்து உலர்த்தியது, மரவள்ளிக் கிழங்கோடு எலும்புக்கறியைக் குழைத்து ஆக்கும் இடுக்கியின் ‘எல்லும் கப்பையும்’ எல்லாம் குமுளி வழியாகத்தான் இறங்கி வருகின்றன. அதே குமுளி வழியாக மாடுகள் மேலே ஏறுகின்றன. இதே பள்ளத்தாக்கில்தான் கம்பத்தின் தம்பிரான் மாட்டுத் தொழுவில் பொங்கலுக்கு மாடுகளைக் கும்பிடுகிறார்கள். இதே மலையடிவாரத்தில்தான் மலைமாடுகளைக் கிடை போட்டுப் பிழைக்கிறார்கள். கும்பிடுவதும் மேய்ப்பதும் விற்பதும் தின்பதும் ஒரே பொருளாதாரத்தின் நாலு முனைகள். கிழட்டு மாட்டை வாங்க ஆள் இல்லையென்றால், கும்பிடுகிறவர் அடுத்த மாட்டை வாங்கக் காசு ஏது?

இவ்வளவு நுட்பமும் தந்திரமும் வறுமைக் கணக்கும் ருசிப் பெருமையும் உள்ள ஒரு விஷயத்தை நம் புனைவு எப்படி எழுதுகிறது? “அன்று அவர்கள் வீட்டில் மாட்டுக்கறி.” முற்றுப்புள்ளி. இந்த வாக்கியம் தருவது ஒரு சாதிச் சான்றிதழ்தான். “மொச்சை உரித்து முடிப்பதற்குள் கறி ரெண்டு விசில் விட்டிருந்தது, இன்னும் நாலு வேண்டும்” என்று எழுதினால் அங்கே ஒரு பெண் இருக்கிறாள், அவளுக்கு ஒரு நேரக்கணக்கு இருக்கிறது, வாங்கி வந்த கறி முற்றினது என்று அவளுக்குத் தெரிந்திருக்கிறது. சாதியும் அங்கே இருக்கத்தான் செய்கிறது. ஆனால் அது மட்டுமே இல்லை. எழுத்தில் விவரம் என்பது ஒரு வகை மரியாதை.

*

கொடிக்கு வருவோம். 2017 மே மாதம் ஒன்றிய அரசு கால்நடைச் சந்தைகளில் அறுப்புக்காக மாடு விற்பதைத் தடுக்கும் விதிகளைக் கொண்டுவந்தது. கேரளமெங்கும் மாட்டுக்கறி விருந்துகள் நடந்தன. சென்னை ஐஐடியில் அப்படியொரு விருந்தில் கலந்துகொண்ட மாணவர் தாக்கப்பட்டார். சென்னை உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை அந்த விதிகளுக்கு இடைக்காலத் தடை போட்டது. ஜூலையில் உச்ச நீதிமன்றம் அந்தத் தடையை நாடு முழுவதற்கும் விரித்தது. 2022இல் ஆம்பூர் பிரியாணித் திருவிழாவில் மாட்டுக்கறி பிரியாணிக்கு இடமில்லை என்று சர்ச்சை எழுந்து, கடைசியில் திருவிழாவே தள்ளிப்போனது. இந்தக் காலகட்டத்தில்தான் மாட்டுக்கறி தமிழில் வெளிப்படையான இலக்கியப் பொருளாகவும் ஆனது. பச்சோந்தியின் கவிதைத் தொகுப்புக்குத் தலைப்பே ‘பீஃப் கவிதைகள்’. பெரியாட்டுக்கறி என்று பதுங்கிய மொழியில், அட்டையிலேயே பெயரைச் சொல்லி ஒரு கவிதைப் புத்தகம் வந்ததைச் சின்ன விஷயமாக நான் நினைக்கவில்லை. அதே சமயம், ‘மாட்டுக்கறி’ என்ற வீட்டுச் சொல் இருக்க, ‘பீஃப்’ என்ற கடைப்பலகைச் சொல் தலைப்பில் அமர்ந்திருப்பதையும் கவனிக்க வேண்டும். தெருவிலும் மேடையிலும் புழங்கும் சொல் அது. அந்தக் காலத்தின் போராட்டமே தெருவில்தானே நடந்தது.

எனக்குள்ள கேள்வி அந்தப் போராட்டங்களின் வடிவம் பற்றியது. மாட்டுக்கறி விருந்து என்பது தின்பவர்களின் நிகழ்ச்சி. புகைப்படத்தில் தட்டும் வாயும் இருக்கும். பின்னால் அண்டாவின் முன் நிற்பவரின் முகம் இருக்காது. நம் எழுத்திலும் இதே சட்டகம்தான். மகன் தின்கிறான், கோபப்படுகிறான், பெருமைப்படுகிறான், கவிதை எழுதுகிறான். அம்மா உள்ளே இருக்கிறாள். ‘என் உணவு என் உரிமை’ என்ற முழக்கத்தில் ‘என் உணவு’ எப்படி உண்டானது என்ற கதை காணாமல் போகிறது. குடலைக் கழுவிய அந்த முற்பகல் யாருடையது? சாதி எதிர்ப்பு எழுத்து, வீட்டு வேலையைக் கண்ணுக்குத் தெரியாததாக்கும் பழைய ஆண் இலக்கியத்தின் பழக்கத்தை அப்படியே வாங்கிக்கொண்டால், பாதி விடுதலைதான் எழுத முடியும்.

சினிமா ஒரு இடத்தில் எழுத்தை முந்தியது என்று நினைக்கிறேன். பா. இரஞ்சித்தின் ‘அட்டகத்தி’ (2012) படத்தில் வீட்டுச் சாப்பாட்டில் மாட்டுக்கறி வந்து போகிறது. யாரும் அதைப் பற்றிப் பிரசங்கம் பண்ணுவதில்லை. கேமரா அதைச் சுட்டிக்காட்டி நிற்பதும் இல்லை. சாதாரணமாக இருக்கும் உரிமையை அந்தப் படம் எந்த அறிவிப்பும் இல்லாமல் எடுத்துக்கொண்டது.

*

பக்கத்து மொழியில் ஒருவர் இந்த வேலையை முழுசாகச் செய்திருக்கிறார். மராத்தியில் ஷாகு பாட்டோளே 2015இல் எழுதிய ‘அன்ன ஹே அபூர்ண பிரம்ம’ மராட்வாடாவின் மகர், மாங் சமூகங்களின் சமையலை எழுதிய புத்தகம். ‘அன்னமே பூரண பிரம்மம்’ என்ற பிரபல வாக்கைத் திருப்பி, ‘அன்னம் அபூரண பிரம்மம்’ என்று தலைப்பு வைத்தார். எண்ணெய் வாங்க முடியாத வீட்டில் கொழுப்பை எப்படிப் பயன்படுத்தினார்கள், இறைச்சியை எப்படிக் கீறிக் காயப்போட்டு மாதக்கணக்கில் வைத்துக்கொண்டார்கள், ஒவ்வொரு உறுப்பும் என்ன ஆனது என்றெல்லாம் செய்முறையாகவே எழுதுகிறார். 2024இல் ஆங்கிலத்தில் வந்த பிறகு இந்தியா முழுக்கப் பேசப்பட்டது. அதற்கும் முன்பே, 2009இல் புணே பல்கலைக்கழகத்தின் பெண்ணியல் மையம் தலித் உணவு நினைவுகளைத் தொகுத்துப் புத்தகமாக்கியது. மராத்தியில் செய்முறைக் குறிப்பே வரலாற்று ஆவணமாகிவிட்டது. தமிழிலோ, 1951இல் வந்த மீனாட்சி அம்மாளின் ‘சமைத்துப் பார்’ ஒரு சைவ வீட்டின் அளவுகளைத் தலைமுறைகளுக்கும் கடத்தி, வெளிநாடுவரை போனது. எங்கள் வீடுகளின் அளவுகள் இன்னும் ‘ஒரு கை’, ‘கண்ணளவு’ என்றே இருக்கின்றன. இப்போது யூடியூபில் நம் பெண்கள் நூற்றுக்கணக்கில் ‘பீஃப் சுக்கா’, ‘பீஃப் கிரேவி’ போடுகிறார்கள். அந்தக் காணொளிகளில் இருக்கும் அறிவு நம் இலக்கியத்தில் இல்லை என்பது இலக்கியத்துக்குத்தான் வெட்கம்.

இதற்கு ஒரு கனமான மறுப்பு இருக்கிறது. அம்பேத்கர் 1927இல் மகாடில் தன் மக்களிடம் செத்த மாட்டின் இறைச்சியைத் தின்பதை விடச் சொன்னார். 1948இல் எழுதிய ‘தீண்டத்தகாதவர்கள் யார்?’ என்ற ஆய்வில், தீண்டாமையின் வேர்களில் ஒன்று மாட்டிறைச்சி உண்பதில் இருக்கிறது என்று வாதிட்டார். அப்படியிருக்க, அந்த உணவை ருசியோடு எழுதுவது திணிக்கப்பட்ட இழிவை அழகாக்குவது ஆகாதா? வறுமையைப் பலகாரமாக்குவது ஆகாதா?

எனக்குப் படுவது இதுதான். அம்பேத்கர் எதிர்த்தது கட்டாயத்தை. ஊருக்குச் செத்த மாட்டை இழுத்துப் போடும் கடமையும், அதற்குக் கூலியாக அந்த மாட்டையே தின்ன வேண்டிய நிலையும் ஒரே சங்கிலி. அறுத்த மாட்டின் கறியைக் காசு கொடுத்து வாங்கி, வேண்டிய பக்குவத்தில் ஆக்குவது அந்தச் சங்கிலிக்கு வெளியே இருக்கும் செயல். இந்த வேறுபாட்டைக் காயமும் கொடியும் காட்ட முடியாது, ஏனென்றால் இரண்டுக்கும் கறி என்றால் கறிதான். அடுப்படிதான் காட்ட முடியும். திணிக்கப்பட்டதை வயிற்றுக்காக வேகவைத்த கையும், பிடித்ததைப் பிடித்தபடி ஆக்கும் கையும் வேறு வேறு. வறுமையை அழகாக்கிவிடுவோமோ என்ற பயத்துக்கும் விவரம்தான் மருந்து. அரைக் கிலோவில் ஆறு பேர் என்று கணக்கை எழுதிவிட்டால் யாரும் அதை அழகு என்று ஏமாற மாட்டார்கள்.

*

கடைசியாக, இது ஏன் அவசரம் என்பது. 2015 செப்டம்பரில் தாத்ரிக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில், வீட்டில் மாட்டுக்கறி வைத்திருந்ததாக வதந்தி பரவி ஒருவரை அடித்தே கொன்றார்கள். அதன்பின் நடந்த விவாதம் எதைப் பற்றி? குளிர்சாதனப் பெட்டியில் இருந்தது எந்தக் கறி என்பதைப் பற்றி. ஆய்வுக்கூடத்துக்கு அனுப்பினார்கள். ஒரு வீட்டின் சமையலறை அன்றைக்கு நாட்டின் சாட்சிக்கூண்டு ஆனது. அந்த அளவுக்குப் போகாத ஊர்களிலும் அடுப்படி கண்காணிப்பில்தான் இருக்கிறது. நகரத்தில் வாடகைக்கு வீடு பார்க்கும்போது “நான்வெஜ் சமைப்பீங்களா?” என்று கேட்பார்கள். “சமைப்போம்” என்றால், “மட்டன், சிக்கன்தான?” என்று அடுத்த கேள்வி வரும். நான் பார்த்த ஒரு வீட்டில் அந்த இரண்டாவது கேள்விக்குச் சொன்ன பதிலோடு பேச்சு முடிந்தது. அப்படிப்பட்ட வீடுகளில் குடியிருப்பவர்கள் ஜன்னலைச் சாத்திக்கொண்டு ஆக்குகிறார்கள். ஏழெட்டு விசில் கேட்டால் அது பருப்பு இல்லை என்று பக்கத்து வீட்டுக்குத் தெரிந்துவிடும் என்பதால், மற்றவர்கள் வேலைக்குப் போனபிறகு குக்கரை ஏற்றுகிறார்கள்.

வீட்டுக்குள் ஆக்குவதையே ஒளிந்து செய்ய வேண்டியிருக்கும் காலத்தில், ‘தின்போம்’ என்ற முழக்கம் மட்டும் போதாது. முழக்கம் கூட்டம் கலைந்ததும் முடிந்துவிடும். அடுத்த ஞாயிற்றுக்கிழமையும் ஒரு பெண் அடுப்படியில் தனியாக நிற்பாள். அவளுடைய அறிவு, அவளுடைய பயம், மொச்சை போட்டதா கத்தரிக்காய் போட்டதா என்று பிள்ளைகளோடு போடும் சண்டை எல்லாம் எழுத்தில் வர வேண்டும். எழுதப் போகிற நண்பர்களிடம் நான் கேட்பது பெரிதாக ஒன்றுமில்லை. உங்கள் அடுத்த கதையில் யாராவது மாட்டுக்கறி தின்றால், அதை ஆக்கியது யார், எத்தனை விசில், ஜன்னல் திறந்திருந்ததா என்று முதலில் உங்களுக்குத் தெரிந்திருக்கட்டும். ஜன்னலைச் சாத்த வேண்டியிருந்தது என்றால், கதை பெரும்பாலும் அங்கேதான் இருக்கும்.